கூலன்ட் விளக்கும் ஜுவேரியாவின் நிக்காஹும்

மந்தைவெளி
8 ஜனவரி 2025

ருக்சாருக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் நம்மில் ஒருத்தி வைத்துவிடுவாள். அதனால்தான் ராயப்பேட்டைக்குப் போய் உன் அம்மியிடம் ஓசூர் ஹாஸ்டல் முகவரி வாங்கி எழுதுகிறேன். அம்மி டீ கொடுத்தார்கள். உன்னைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

விஷயம் வண்டியைப் பற்றியது. கொஞ்ச நாளாக டேஷ்போர்டில் கூலன்ட் விளக்கு எரிகிறது. அந்தச் சிவப்பு விளக்கு வந்தால் இன்ஜினில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம், வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நானும் ஒவ்வொரு தடவையும் நிறுத்துகிறேன். பார்த்தால் டப்பாவில் தண்ணீர் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் விளக்கு தானாக அணைந்துவிடுகிறது. மறுபடியும் வருகிறது.

கேரேஜில் காட்டினேன். கேரேஜ்காரர் பின்கதவுப் பக்கம் போய், சக்கர நாற்காலியை ஏற்றி இறக்க நீ பொருத்திய லிஃப்ட்டைப் பார்த்தார். "இன்னாம்மா, கம்பெனியில குடுக்காததெல்லாம் மாட்டிக்கினு ஓட்டுனா இப்டித்தான் ஆவும். இந்த லிஃப்ட்டு ஒயரிங்தான் எல்லாத்தையும் கொயப்பிக்கினு கீது. கயட்டிப் போட்டுடு" என்றார். அது முடியாது என்றேன். "அப்ப பல்பைப் புடுங்கிடறேன். கண்ணுல படலன்னா கவலையில்ல பாரு" என்றார். அதற்கும் வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். புகை வந்தால் குதித்து ஓடக்கூடியவர்கள் இல்லை.

அவசரம் என்னவென்றால், பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நம் வண்டியில் வரும் ஜுவேரியாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை பெயர் ஃபராஸ். மண்டபம் உங்கள் ராயப்பேட்டையில்தான், பழைய கட்டடம். பெண்கள் பக்கத் தாழ்வாரம் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, படிகள் செங்குத்து. மாமாக்கள் நாற்காலியோடு தூக்கி வைத்துவிடுகிறோம் என்கிறார்கள். அவள் என்னிடம், "நான் இன்னா பீரோவாக்கா, நாலு பேர் தூக்கி வெக்கிறதுக்கு?" என்று கேட்டாள். வண்டியைத் தாழ்வாரத்தை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, லிஃப்ட்டைப் பாதி உயரத்தில் நிறுத்தினால், அவளே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போய்விடலாம். நான் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

லிஃப்ட் உன் வேலை. அதனால் கேட்கிறேன். உன் ஒயரிங்கில் ஏதாவது தப்பு இருக்கிறதா?

சரண்யா


ஓசூர்
14 ஜனவரி 2025

வேன் உரிமையாளர் சரண்யா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எல்லா முடிவுகளையும் தாங்களே எடுக்கும் வழக்கமுள்ள தாங்கள், இந்த விஷயத்தில் என் கருத்தைக் கேட்டது ஆச்சரியமாக இருந்தது. பொங்கல் விடுமுறை என்பதால் உட்கார்ந்து பதில் எழுத நேரம் கிடைத்தது.

என் ஒயரிங்கில் தப்பு இல்லை. லிஃப்ட் மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களும் நேராக பேட்டரியிலிருந்து வருகின்றன. வண்டியின் பழைய ஒயர் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. தொடக் கூடாது என்றுதான் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் ராப்பகலாக உட்கார்ந்து அப்படி வரைந்தேன். அப்போது பக்கத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது தாங்கள்தான்.

இனிமேல் மரியாதை போட்டு எழுதினால் விஷயம் நகராது. நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர் உண்மையிலேயே குறைகிறதா என்று பார். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, டப்பாவின் வெளிப்பக்கத்தில் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு வை. தினமும் அதே நேரத்தில் பார். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே, கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். வண்டி ஓடும்போது சூட்டு முள் எங்கே நிற்கிறது என்றும் கவனி. கோடும் இறங்கவில்லை, முள்ளும் ஏறவில்லை என்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது, விளக்குதான் பொய் சொல்கிறது.

பிறகு, விளக்கு எப்போது வருகிறது என்று எழுது. "கொஞ்ச நாளாக", "மறுபடியும் வருகிறது" என்பதெல்லாம் எனக்குப் போதாது. எந்த இடத்தில், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், எப்போது அணைந்தது, அதைச் சொல்.

லிஃப்ட்டை யாரும் தொடக் கூடாது. பல்பைப் பிடுங்க விடாமல் வந்தாயே, அது சரி. அதை மட்டும் சரி என்கிறேன்.

ஜுவேரியாவுக்கு என் சலாம் சொல்.

ருக்சார்


மந்தைவெளி
19 ஜனவரி 2025

ருக்சாருக்கு,

வேர்க்கடலை தின்றேன்தான். நீ வரைந்த லிஃப்ட்டை இந்த ஊர்ச் சந்துகளில் எல்லாம் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு கீறல் விழாமல் மூன்று வருடம் ஓட்டியதும் நான்தான். அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு மயிரிழை இறங்கவில்லை. சூட்டு முள் எப்போதும் பாதியிலேயே நிற்கிறது. அடையாறிலிருந்து ஆதம்பாக்கம் வரை வெயிலில் நெரிசலில் ஊர்ந்தும் ஏறவில்லை.

விளக்கு எப்போது வருகிறது என்று கேட்டாய். உனக்குப் பிடிக்காத பதில்தான். லிஃப்ட்டை இறக்கும்போதும் ஏற்றும்போதும் வருகிறது. அதோடு சாயங்காலத்திலும் வருகிறது. நேற்று ஜுவேரியாவை தி.நகருக்குப் புடவை எடுக்கக் கூட்டிப்போனேன். திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பனகல் பூங்காவைச் சுற்றும் இடத்தில் விளக்கு வந்தது. நட்ட நடுக் கூட்டத்தில் ஓரங்கட்டினேன். பின்னால் பஸ், ஆட்டோ, எல்லாரும் ஹாரன். சாவியைத் திருகி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டால் விளக்கு இல்லை. கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் திரும்ப வந்தது. அன்றைக்கு வீடு போய்ச் சேர்வதற்குள் நாலைந்து தடவை நின்றோம். ஜுவேரியா புடவைப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு, "நிக்காஹ் அன்னிக்கும் இப்டி நின்னேன்னு வெச்சுக்கோ, நான் ரோட்டுலயே உருட்டிக்கினு போயிடுவேன்க்கா. நீ மெதுவா வா" என்றாள். செய்வாள்.

ஆகவே லிஃப்ட்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. கோபப்படாதே. கேரேஜ்காரர் சொன்னதற்காகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்று. நானே முடிவு எடுக்கிறேன் என்று குத்தியிருக்கிறாய். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் வண்டியை அவர்கள் பெயரில் ஓட்டச் சொன்னார்கள். நம் சவாரிகளை நோயாளி என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். கல்யாணத்துக்கும் கடற்கரைக்கும் பரீட்சைக்கும் போகிறவர்களை நோயாளி என்று எப்படி எழுதுவது? வேண்டாம் என்று சொன்னேன். கேட்டிருந்தால் நீயும் வேண்டாம் என்றுதானே சொல்லியிருப்பாய்?

சரண்யா


ஓசூர்
23 ஜனவரி 2025

சரண்யா,

ஆமாம், நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சொல்லி, எழுந்து, பையை மாட்டிக்கொண்டாய். அந்த மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர்கள் உன்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள், என்னை உன் கூட வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள். உனக்கு அது கடைசி வரை புரியவே இல்லை என்பதால்தான் ஓசூருக்கு வந்தேன். இங்கே ஃபேக்டரியில் ஒயரிங் லைனில் இருபது பெண்களுக்கு நான்தான் சூப்பர்வைசர். கேள்வி என்னிடம்தான் வரும், பதிலும் நான்தான் சொல்வேன்.

இப்போது விளக்கு. பனகல் பூங்காவைச் சுற்றும்போது லிஃப்ட் ஓடியதா? வண்டி நகரும்போது லிஃப்ட் ஓடவே ஓடாது, அப்படித்தான் செய்திருக்கிறேன். பிறகு எப்படி லிஃப்ட்டால் வரும்? கண்ணால் பார்த்தேன் என்கிறாய், பாதியைத்தான் பார்த்திருக்கிறாய். லிஃப்ட்டுக்கும் சாயங்காலத்துக்கும் பொதுவாக வேறு ஏதோ இருக்கிறது. அதைக் கண்டுபிடி.

அந்த விளக்கு வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை அது மின்சாரம் போகும் வழியை மூடிப் பிடித்திருக்கும். தண்ணீர் இறங்கினால் வழி அறுந்துவிடும், விளக்கு எரியும். ஆனால் ஒயர் அறுந்தாலும் வழி அறுந்ததுதான். எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் தகரம் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, சரியாகப் பிடிக்காவிட்டாலும் அப்படித்தான். விளக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அதனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இதைச் செய். மிதவைக்குப் போகும் பிளக்கைக் கழற்று. அதில் இரண்டு ஓட்டை இருக்கும். ஒரு துண்டு ஒயரால் இரண்டையும் இணை. விளக்கு அணைந்தால் மிதவை கெட்டுவிட்டது, புதிது வாங்கிப் போடு. அணையாவிட்டால் மிதவை நிரபராதி. அப்புறம் பிளக்கில் கறுப்பு ஒயர் வரும் பக்கத்திலிருந்து ஒரு நீள ஒயரை எடுத்து பேட்டரியின் நெகட்டிவில் தொடு. அப்போது அணைந்தால் எர்த்தில்தான் கோளாறு. ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாதே, துப்பட்டாவைக் கட்டிக்கொள்.

படம் வரைந்து வைத்திருக்கிறேன். தலைகீழாகப் பிடிக்காதே.

ருக்சார்


மந்தைவெளி
29 ஜனவரி 2025

ருக்சார்,

கண்டுபிடித்துவிட்டேன். நான் கண்டுபிடித்தேன். எப்படி என்று முழுதாகச் சொல்லாமல் விட மாட்டேன், நீ பொறுமையாகப் படித்தாக வேண்டும்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் மாணிக்கவாசகம் சாரைக் கச்சேரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து இறக்கினேன். நல்ல பகல்தான். லிஃப்ட் தரையைத் தொட்டு நின்றுவிட்டது. அவருடைய சால்வை முன் சீட்டில் இருந்தது, எடுக்கப் போனேன். டேஷ்போர்டில் கூலன்ட் விளக்கு. நிலையாக எரியவில்லை, கண் சிமிட்டியது. கூடவே டிக் டிக் என்று சத்தம். நாலு பக்க இண்டிகேட்டரும் போட்டிருந்தேன், அந்தச் சத்தம். டிக் என்றால் விளக்கு வருகிறது, அடுத்த டிக்குக்குப் போகிறது. அங்கேயே நின்றுவிட்டேன். லிஃப்ட்டைப் போடும்போதெல்லாம் நான் நாலு இண்டிகேட்டரும் போடுகிறேன், பின்னால் வருகிறவர்கள் மோதிவிடக் கூடாது என்று. சாயங்காலம் ஹெட்லைட் போடுகிறேன். பொதுவானது அதுதான். விளக்குகள், ருக்சார். லிஃப்ட் இல்லை.

உடனே இண்டிகேட்டரை அணைத்தேன். ரிமோட்டை சார் கையிலேயே கொடுத்து, "சார், கொஞ்சம் ஏறி இறங்கறீங்களா, நான் முன்னாடி பாக்கணும்" என்றேன். ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். கூலன்ட் விளக்கு மூச்சுக் காட்டவில்லை. போதும் சார் என்றேன். "இன்னும் ஒரு தடவை போயிட்டு வந்துடறேனேம்மா. மேலேருந்து காத்து நன்னா வரது" என்றார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, உன் படத்தை பானட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு செய்தேன். பிளக்கை இணைத்தேன், அணையவில்லை. நீள ஒயரை பேட்டரியில் தொட்டேன். பட்டென்று அணைந்தது. எடுத்தேன், வந்தது. தொட்டேன், போனது. தெருவில் போகிறவர்கள் பார்க்க, பைத்தியம் மாதிரி தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தேன்.

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு போல்ட்டில் போய் முடிகிறது. ஹெட்லைட், இண்டிகேட்டர், எல்லாவற்றின் எர்த்தும் அதே போல்ட்டுதான். போல்ட்டைக் கழற்றினேன். கீழே தகரம் இல்லை, வெள்ளை பெயின்ட். டிசம்பரில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. காட்டுவதற்காக முழு வண்டிக்கும் புது பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். கழற்றி, அடித்து, பெயின்ட்டின் மேலேயே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். எர்த் அரைகுறையாகத்தான் பிடித்திருக்கிறது, மற்ற விளக்குகளைப் போட்டால் மிதவைக்குப் போதவில்லை. விளக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வண்டி பளபளவென்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கேரேஜ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, "அட, பெயின்ட்டா. லிஃப்ட்டு மேல பழியைப் போட்டுட்டேனே" என்று சொல்லி, அவரே எமரி பேப்பர் எடுத்துவந்தார். ஆனால் தேய்த்தது நான். தகரம் வெள்ளி மாதிரி மின்னுகிற வரை தேய்த்தேன். இப்போது ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், லிஃப்ட், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் கூலன்ட் விளக்கு வாயைத் திறப்பதில்லை.

உன் ஒயரிங்கில் தப்பு இல்லை. எழுதிவிட்டேன். வேண்டுமானால் ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்.

ஜுவேரியாவின் அழைப்பிதழை இதோடு வைத்திருக்கிறேன். அவளே உன் பெயரை எழுதினாள்.

சரண்யா


ஓசூர்
3 பிப்ரவரி 2025

சரண்யா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் லைனில் இருக்கும் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். டிக் டிக் வந்த இடத்தில் கன்னடக்காரப் பெண் ஒருத்தி, "எர்த்" என்று முந்திக்கொண்டு சொன்னாள். மற்றவர்கள் அவளைச் சும்மா இருக்கச் சொன்னார்கள், நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்க வேண்டுமாம். சார் ராட்டினம் சுற்றிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இந்த அக்கா யார் என்று கேட்டார்கள். என் கூட்டாளி என்று சொன்னேன். வேறு வார்த்தை சட்டென்று வரவில்லை.

இண்டிகேட்டரோடு சேர்ந்து சிமிட்டுகிறது என்று பார்த்தாயே, அதை நான் இங்கே உட்கார்ந்து எத்தனை படம் வரைந்தாலும் பார்த்திருக்க முடியாது. நன்றாகச் செய்தாய்.

ஆனால் வேலை முடியவில்லை. தேய்த்த தகரத்தை அப்படியே விட்டால் கடல் காற்றில் துரு பிடிக்கும். போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசு. அந்தப் பெயின்ட்டர் இந்த ஒரு போல்ட்டோடு விட்டிருக்க மாட்டார். பின்பக்க விளக்குகளின் எர்த்தையும் கழற்றிப் பார்.

மண்டபத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வண்டியைக் கொண்டுபோய் ஒத்திகை பார். தாழ்வாரத்துக்கும் லிஃப்ட் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது, நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, மாட்டிக்கொள்ளும். பலகை ஒரு நூல் உயரமாக நிற்கட்டும். தாழ்வாக நின்றால் அவள் ஏறித் தள்ள வேண்டிவரும்.

எனக்கு லீவு இல்லை. வர முடியாது. ஜுவேரியாவிடம் நீயே சொல்லிவிடு.

ருக்சார்


மந்தைவெளி
10 பிப்ரவரி 2025

ருக்சார்,

லீவு இல்லாதவள் பச்சை ஷராரா உடுத்தித் தூணுக்குப் பக்கத்தில் நின்றதை வண்டியின் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு ரிவர்ஸ் கியர் சரியாக விழவில்லை. நல்லவேளை, உன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கையை மட்டும் ஆட்டினாய். இன்னும் வா, இன்னும், நில். அந்தக் கையைப் பார்த்துத்தான் அவ்வளவு ஒட்டி நிறுத்தினேன். ஒத்திகையில்கூட அவ்வளவு ஒட்டி வரவில்லை.

நாம் அதிகம் பேச முடியவில்லை. நீ சாயங்கால பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். அதனால் நேற்று எனக்குள் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

கதவைத் திறந்தபோது ஜுவேரியா மருதாணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். பழக்கத்தில் அவளுடைய மாமாக்கள் முன்னால் வந்தார்கள். "யாரும் தொடாதீங்க மாமு, நான் வரேன்" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாரும் நின்றுவிட்டார்கள். பலகை இறங்கி, தாழ்வாரத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. அவள் சக்கரத்தில் கையை வைத்து ஒரே தள்ளு. அவ்வளவுதான், பெண்கள் நடுவே இருந்தாள். அவளுடைய அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அழுதால் கேவலம் என்று இறங்கி டயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து கேட்டார்கள். "ஏம்மா, இது யாரு பண்ணது?" நான் பக்கத்தில் நின்றேன், என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள். 'நாங்கதாம்மா' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நீ தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்ததைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் செய்ததில்லை. நீ சொன்னாய், "நான் பண்ணதும்மா. ஓட்றது அவ." அந்த அம்மா உன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நீ நிமிர்ந்து நின்ற மாதிரி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த ஆஸ்பத்திரி மேஜையில் என்ன நடந்தது என்பது எனக்கு நேற்றுதான் புரிந்தது.

நீ போன பிறகு ஒரு அம்மா வந்தார்கள். கோபாலபுரத்தில் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார்களாம். நடக்க முடியாத குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். பள்ளிக்கூடத்து வேன் இரண்டுக்கு இதே மாதிரி லிஃப்ட் வேண்டும், செய்து தருவீர்களா, டிரைவர்களுக்கும் பழக்கித் தருவீர்களா என்று கேட்டார்கள். குழந்தைகளை என்னவென்று எழுதுவீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணாங் கிளாஸ், ரெண்டாங் கிளாஸ்னுதான்" என்றார்கள்.

ருக்சாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் நம்பரை அடியில் எழுதியிருக்கிறேன். நீ யோசித்து எழுது. வேண்டாம் என்றாலும் சரி. எவ்வளவு நாள் ஆனாலும் சரி. எனக்கு வாய் துறுதுறுக்கிறது, ஆனால் திறக்க மாட்டேன்.

சரண்யா


ஓசூர்
14 பிப்ரவரி 2025

சரண்யா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. படித்து முடித்ததும் லைனை விட்டு வெளியே போய் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணினேன். ஒத்துக்கொண்டாயிற்று. ஏப்ரலில் ஒரு வேன், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இன்னொன்று. உன்னைக் கேட்கவில்லை.

கோபம் வந்தால் வரட்டும், உனக்கு அந்த உரிமை உண்டு. இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன், விட்டுப்போக ஒரு மாதம் ஆகும். அதற்குள் கோபப்பட்டு முடித்து வை. வந்த பிறகு அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

ருக்சார்